அக்குபங்சர் முகாம்: ஊசி போட்டுக்கொள்ளலாம், மாத்திரையை நிறுத்தலாமா?



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மாதக் கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது கவனித்துப் பாருங்கள். பாதிப் பேர் தரையில் கையை ஊன்றித்தான் எழுந்திருக்கிறோம். மில்லில் ஷிப்ட் முழுக்க நிற்கிறவர்களுக்குக் குதிகால் வலி. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பு. பால்கோவா கிண்டுகிறவர்களுக்குத் தோள்பட்டை. களை எடுக்கிறவர்களுக்கு முதுகு. மெடிக்கல் கடையில் வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கிட்டே காலத்தை ஓட்டுகிறோம். அதையே வருஷக் கணக்கில் தின்றால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும்.

இந்த நிலைமையில் யாராவது வந்து, "உங்க ஊர்ல இலவசமா அக்குபங்சர் முகாம் போடுறோம், இடம் மட்டும் குடுங்க" என்று கேட்டால் நமக்குச் சந்தோஷம்தான். சரி என்று சொல்லும் முன் அது என்ன வைத்தியம், எதுக்கு உதவும், எதுக்கு உதவாது என்று தெரிந்துகொள்வோம்.

அக்குபங்சர் சீன தேசத்து வைத்தியம். முடி போல மெல்லிய ஊசியை உடம்பில் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகி, இருபது முப்பது நிமிஷம் அப்படியே விட்டு எடுப்பார்கள். ஊசிக்குள் மருந்து எதுவும் கிடையாது. "குத்துனா ரத்தம் வராதா?" என்று கேட்பீர்கள். சில சமயம் ஒரு சொட்டு வரும், அவ்வளவுதான். உடம்பில் ஓடும் உயிர்ச்சக்தியின் பாதையை ஊசி சரிசெய்கிறது என்பது சீனர்களின் விளக்கம். ஊசி நரம்பைத் தூண்டுகிறது, அதனால் வலியைக் குறைக்கும் பொருள்களை உடம்பே சுரக்கிறது என்பது இன்றைய டாக்டர்கள் பலரின் விளக்கம்.

இது நம் நாட்டுக்கு வந்ததிலேயே ஒரு சேவைக் கதை இருக்கிறது. 1938-ல் ஜப்பான் படையெடுப்பில் சீனா தவித்தபோது, இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் காயம்பட்டவர்களைப் பார்க்கக் கப்பல் ஏறினார்கள். அதில் ஷோலாப்பூர்க்காரர் டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ் அங்கேயே தங்கி உழைத்து, 1942-ல் 32 வயதில் இறந்துபோனார். அவர் அறுவை சிகிச்சை டாக்டர், அக்குபங்சர்காரர் அல்ல. கூடப் போன டாக்டர் பிஜய் குமார் பாசு பின்னாளில் மறுபடியும் சீனா போய் ஊசி வைத்தியம் கற்று, 1959 முதல் கல்கத்தாவில் செய்தார். இன்றைக்கும் வங்காளத்திலும் பஞ்சாபின் லூதியானாவிலும் கோட்னிஸ் பெயரில் அக்குபங்சர் சிகிச்சை நடக்கிறது.

மும்பையில் 2008-ல் பெல்ஜியம் நாட்டுக்காரர் வால்டர் ஃபிஷர் குடிசைப் பகுதியில் சிகிச்சை மையம் திறந்தார். அந்த அமைப்புக்குப் பெயரே 'வெறுங்கால் அக்குபங்சர்காரர்கள்'. 1960-களின் கடைசியில் சீனக் கிராமங்களில் விவசாயிகளுக்கே கொஞ்ச மாதம் பயிற்சி கொடுத்து 'வெறுங்கால் டாக்டர்' ஆக்கினார்களே, அந்த நினைவில் வைத்த பெயர்.

அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தபோது, அக்குபங்சர்காரர்கள் தன்னார்வமாகப் போய் வீடிழந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். காதில் மட்டும் ஐந்து ஊசி. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துகொள்ளலாம். துணி விலக்க வேண்டாம், பட்ட கஷ்டத்தை யாரிடமும் விவரிக்கவும் வேண்டாம். நியூயார்க்கின் லிங்கன் ஆஸ்பத்திரியில் 1970-களில் போதைப் பழக்கக்காரர்களுக்காக வளர்ந்த முறை இது. நம்மைப் போன்ற பெண்களுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பொருத்தம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சரி, பலன் உண்டா? நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்தில்லாமல் செய்யக்கூடியவற்றில் ஒன்றாக ஊசிச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சேர்த்தது. மூட்டுத் தேய்மான வலி, ஒற்றைத் தலைவலி, குமட்டல் இவற்றுக்கும் ஓரளவு கேட்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வலி குறையும், தேய்ந்த மூட்டு வளராது. நம்ம பக்கம் பலர் ஊசியே போடாமல், நாடி பார்த்து ஒரு விரலால் புள்ளியைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். ஆய்வுகளில் சோதித்தது பெரும்பாலும் ஊசி முறையைத்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. ஒரு தடவை ஊசி போட்டால் பலன் நிற்காது. வாரம் ஒன்றிரண்டு தடவை வீதம் ஆறேழு வாரமாவது தொடர்ந்து போட வேண்டும். ஆகவே பந்தல் போட்டு, மைக் கட்டி, முந்நூறு பேரை வரிசையில் நிறுத்தி ஒரே நாளில் முடிக்கிற முகாம் போட்டோவுக்குத்தான் நல்லது. "வாரா வாரம் ஒரு நாள், முப்பது பேருக்கு, எட்டு வாரம் வாங்க" என்று கூட்டமைப்பு கேட்கலாம். நிஜமாகச் சேவை செய்ய வந்தவர்கள் இதைத் தட்ட மாட்டார்கள்.

அடுத்து, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சில இடங்களில் வலிக்கு வைத்தியம் என்று ஆரம்பித்து, "சுகர் மாத்திரையை நிறுத்து, பிரஷர் மாத்திரை விஷம்" என்று போதிக்கிறார்கள். அக்கா, தங்கச்சி யாராக இருந்தாலும் சரி, இதை மட்டும் கேட்காதீர்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. "பாத்தியா, நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றும். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் கை கால் இழுத்துக்கொள்ளும். இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாளில் உயிரே போய்விடும்.

பிரசவமும் அப்படித்தான். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் நடந்த பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்தார்கள். கணவரும், அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை கொடுத்துவந்த அக்குபங்சர்காரரும் கைதானார்கள். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, இதற்கெல்லாம் ஊசியைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மார்பில் கட்டி இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக மத்திய அரசு 2019-ல் அங்கீகரித்தது. அதனால் எல்லா நோய்க்கும் அதுவே போதும் என்று ஆகிவிடாது. வருகிறவர் எங்கே, எத்தனை வருஷம் படித்தார் என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். "இலவசமா செய்றவங்ககிட்ட போய் எப்படிக் கேக்குறது?" என்று கூச்சப்பட வேண்டாம். உள்கடன் கொடுக்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்!

ஊசி புதுசாக, ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் போடுவதாக இருக்க வேண்டும். உறையை நம் கண் முன்னால் பிரிக்கணும். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவலாம். போட்ட ஊசியைக் கெட்டியான டப்பாவில் போட்டு அவர்களே திரும்ப எடுத்துப் போக வேண்டும். ஊர்க் குப்பையில் கொட்டினால் தூய்மைக் காவலர் கையில்தான் குத்தும். கர்ப்பமாக இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சுகரால் பாதம் மரத்துப்போனவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெண்களுக்குத் திரை மறைவும், கூட ஒரு உறுப்பினரும் கட்டாயம். கடைசியில் பொடி, எண்ணெய், காந்த மெத்தை என்று விற்க ஆரம்பித்தால், அது சேவை இல்லை, சந்தை.

இடம் கொடுப்பதாக முடிவானால் இதையெல்லாம் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டு, வருகிறவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் நம் குழுப் பெண்களில் ஒருவர்தானே. முதல் வாரமும் எட்டாவது வாரமும் அவரை வரச் சொல்லி, வந்தவர்களுக்குப் பிரஷர் பார்த்து, மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பெயருக்கு நேராகக் குறித்து வையுங்கள்.