மலையில் தண்ணீர் உண்டு, குடிக்க முடிகிறதா?

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அன்று மகளிர் குழுக் கூட்டம். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்த சகோதரி ஒருவரிடம், "காலையிலிருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க அக்கா?" என்று கேட்டேன். "ரெண்டு தடவ தேத்தண்ணி குடிச்சேம்மா. தண்ணி குடிச்சா மலையில ஒதுங்க எங்க போறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவரது குடும்பம் 1983 கலவரத்தின் பின் வவுனியாவுக்குப் போனது. யுத்தத்தில் பலமுறை இடம்பெயர்ந்த அவர், சிறுநீரக நோயில் கணவரை இழந்து, இன்று தன் அக்காவின் லயத்தில் இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறார். "அங்க கிணத்துத் தண்ணி கேத்தல்ல வெள்ளையாப் படியும். இங்க பீலித் தண்ணி. இது நல்லதுதானேம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலே இக்கட்டுரை.

பதுளையிலும் இந்நோய் உண்டு

நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் பழுதடைவதை 1990களில் அநுராதபுர மாவட்ட வைத்தியர்கள் கவனித்தனர். பின்னர் பொலன்னறுவை, வவுனியா மாவட்டங்களிலும் இது தெரியவந்தது. நமது பதுளை மாவட்டத்தில், மலைகளுக்குக் கீழே உள்ள கிராந்துருகோட்டையும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடம். பெரும்பாலும் நோயுற்றவர்கள், வெயிலில் வயல் வேலை செய்து கிணற்று நீர் குடித்த விவசாயிகள்.

இதற்குத் தனியொரு காரணம் இன்னும் உறுதியாகவில்லை. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட், விவசாய இரசாயனங்கள், போதிய நீர் அருந்தாமல் வெயிலில் உழைப்பது எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. அதே பகுதிகளில் ஊற்று நீர் குடிப்பவர்களிடம் நோய் குறைவு என்பதும் அவதானிக்கப்பட்டுள்ளது.

பீலித் தண்ணீர் நல்லதா?

மலை ஊற்று நீரில் பொதுவாகக் கடினத்தன்மை குறைவு. அந்த வகையில் அந்தச் சகோதரி ஆறுதல் அடையலாம். ஆனால் ஊற்றுக்கு மேலே லயமும் மலசலகூடமும் இருந்தால், மழை பெய்யும்போது அழுக்கு நீரில் கலக்கும். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி என்பன அப்படித்தான் பரவுகின்றன. கடும் வயிற்றோட்டத்தில் உடல் நீரை இழந்தால் சிறுநீரகமும் தாக்கப்படும். தேயிலைக்கு அடிக்கும் களைநாசினியும் ஓடையில் சேரலாம். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும்; ஆனால் இரசாயனமோ புளோரைட்டோ போகாது.

தண்ணீர் குடிக்காத தண்டனை

தண்ணீர் நன்றாக இருந்தும் குடிக்காவிட்டால் பயனில்லை. நாள் முழுதும் நீர் அருந்தாமல், சிறுநீரையும் அடக்கி வைத்தால் சிறுநீர்ப்பாதையில் கிருமித்தொற்று ஏற்படுகிறது. கவனிக்காவிட்டால் அது சிறுநீரகம் வரை ஏறும். கர்ப்பிணிகளுக்கு இது மேலும் ஆபத்து. சிறுநீரகக் கற்களும் உண்டாகலாம். உடல் வலிக்கென்று கடையில் வலிமாத்திரை வாங்கித் தினமும் விழுங்குவது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

மலையில் ஒதுங்க இடமில்லாதது நமது வெட்கத்துக்குரிய விடயமல்ல. அது வேலைத்தளத்தின் குறை.

நாம் செய்யக்கூடியவை

• கொதித்தாறிய நீரைப் போத்தலில் மலைக்குக் கொண்டு செல்லுங்கள். தாகம் வரும்வரை காத்திராமல் அடிக்கடி குடியுங்கள்.
• களைநாசினிக் கேன்களை எவ்வளவு கழுவினாலும் அவற்றில் தண்ணீர் நிரப்ப வேண்டாம்.
• ஊற்றைச் சுற்றி வேலியடையுங்கள். நீரைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் குழுவாகக் கேளுங்கள்.
• சிறுநீர் எரிவு, காய்ச்சல், கால் வீக்கம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீரக நோய் ஆரம்பத்தில் வெளியே தெரியாது. பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்களும் நோயுள்ள பகுதியில் வாழ்ந்தவர்களும் சிறுநீர், இரத்தப் பரிசோதனை செய்வது அவசியம்.
• மலையில் மலசலகூடம் வேண்டுமென்று தொழிற்சங்கத் தலைவரிடமும் நிர்வாகத்திடமும் எழுத்தில் கேளுங்கள்.

அன்று கூட்டம் முடியுமுன் அப்படியொரு கடிதம் எழுதினோம். முதல் கையெழுத்தை வவுனியாவிலிருந்து வந்த அந்தச் சகோதரி இட்டார். "என் வீட்டுக்காரருக்குத் தெரியும்போது காலம் கடந்திருச்சும்மா. இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஆகக்கூடாது" என்றார்.