சுவரில்லா அலுவலகமும் பணியாளரும்

பலர் ஓரறையில் அமர்ந்து பணியாற்றினால் கலந்துரையாடல் பெருகும், ஒத்துழைப்பு வளரும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. 1950களின் இறுதியில் ஜெர்மனியில் ஷ்னெல்லே சகோதரர்கள் தடுப்புச் சுவர்களை நீக்கித் திறந்த அலுவலக அமைப்பொன்றை வகுத்தபோது இந்நம்பிக்கையே அடிப்படையாயிற்று. இடமும் செலவும் மிச்சமாகும் என்பதைப் பின்வந்த நிருவாகங்கள் விரைவில் கண்டுகொண்டன என்பது வேறு செய்தி.

ஆயின், நிகழ்ந்தது என்ன? பெர்ன்ஸ்டைன், டர்பன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், தனித்தடுப்புகளிலிருந்து திறந்த கூடத்திற்கு மாறிய இரு பெருநிறுவனங்களின் ஊழியர்களுக்கு, யார் யாருடன் பேசுகின்றனர் என்பதைக் குறிக்கும் கருவியை அணிவித்து, மாற்றத்திற்கு முன்னும் பின்னும் அளந்தனர். 2018இல் வெளிவந்த முடிவு வியப்பளிக்கிறது: நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது, மின்னஞ்சல் பெருகிற்று.

காரணம் அரியதன்று. மின்விசிறியின் ஓசையை மறந்து படிக்க நம்மால் இயலும். அடுத்தவர் பேச்சை அவ்வாறு மறக்க இயலாது. பொருளுடைய சொல்லாதலின் மனம் அதன்பின் செல்கிறது. பலர் நோக்க அமர்ந்திருக்கிறோம் என்னும் உணர்வோ வாயைக் கட்டிவிடுகிறது.

துறை அறையில் ஒரே நீள்மேசையைச் சுற்றி அமரும் ஆசிரியராகிய நாம் இதனை வேறு வகையிலும் அறிவோம். விடைத்தாள் திருத்தும் கை தடைபடுவது சிறிய இழப்பே. தேர்வுக் கட்டணம் கட்ட இயலாத மாணவன் வாயில்வரை வந்து, உள்ளே அறுவர் இருக்கக் கண்டு, “ஒன்றுமில்லை ஐயா” என்று திரும்பிவிடுகிறான். பின்னர் எழுந்து சென்று தாழ்வாரத்தில் அவனைத் தேடியதுண்டு. சில நாள் அகப்பட்டான். சில நாள் இல்லை.