பனிச்சரிவில் பறந்த யானிட்ஸா

பனிமலை என்றாலே நமக்கு சினிமா டூயட்தான் ஞாபகம் வரும். அந்தச் சரிவில், காலில் நீளமான இரண்டு பட்டைகளை மாட்டிக்கொண்டு, நட்டுவைத்த கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குவதற்குப் பெயர் ஸ்கீயிங். விநாடியை நூறாகப் பங்கு போட்டு, ஜெயித்தது யார் என்று சொல்வார்கள். இதில் கொடிகட்டிப் பறந்தவள் குரோஷியா நாட்டு யானிட்ஸா கோஸ்டெலிச். நம் வீட்டுப் பெண் மாதிரி 'அவள்' என்றே எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

1982-ல் ஜாக்ரெப் நகரில் பிறந்தவள். ஸ்கீயிங்கோ பணக்கார விளையாட்டு. இவர்களுக்கு அப்படி வசதி கிடையாது. அப்பா ஆன்டேதான் கோச். அவளையும் அண்ணன் இவிட்ஸாவையும் அவரே பழக்கினார். 1991-ல் நாட்டில் யுத்தம் வேறு வந்துவிட்டது. போட்டி நடக்கிற ஊர்களுக்குக் காரிலேயே போவார்கள். ஹோட்டலுக்குக் காசில்லாமல் காரிலும் கூடாரத்திலும் படுத்திருக்கிறார்கள். அப்பா மகா கண்டிப்பு. அந்தக் குளிரில் குழந்தைகளை இப்படியா படுத்துவது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அம்மா மரிட்ஸாவின் மனசு என்ன பாடுபட்டதோ!

1999 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் விழுந்தாள். வலது முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. அத்தோடு சரி என்று நினைப்போம், இல்லையா? எழுந்து வந்து, 2001-ல் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தையே வாங்கினாள். மறுபடி முழங்காலில் ஆபரேஷன். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி! அந்த வெள்ளியும் நூறில் 5 பங்கு விநாடியில் தங்கம் தவறியதுதான். ஒரே ஒலிம்பிக்கில், மலைச்சரிவு ஸ்கீயிங்கில் மூன்று தங்கம் வாங்கிய முதல் பெண் இவள். குளிர்கால ஒலிம்பிக்கில் குரோஷியாவுக்கே அவைதான் முதல் பதக்கங்கள்.

2003-ல் உலக சாம்பியன்ஷிப் அதே செயின்ட் மோரிட்ஸில் நடந்தது. விழுந்த ஊரிலேயே இரண்டு தங்கம். அண்ணனுக்கும் ஒன்று.

அப்புறம்தான் நம்மில் பலருக்குத் தெரிந்த தொல்லை வந்தது, தைராய்டு. அடுத்த சீசன் முழுக்க முழங்கால் ஆபரேஷனிலும், தைராய்டு சுரப்பியை எடுத்த ஆபரேஷனிலும் போய்விட்டது. நானும் ஆறு வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். சுரப்பு குறைந்தால் மாடிப்படி ஏறுவதே மலையாக இருக்கும். சுரப்பியையே எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான். காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, காபிக்கு அரைமணியாவது பொறுக்கணும். (அந்த அரைமணி எனக்கு ஒரு யுகம்!) இவளோ 2005-ல் இத்தாலியின் போர்மியோவில் உலக சாம்பியனாக மூன்று தங்கம் வாங்கினாள். 2006 டூரின் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம், ஒரு வெள்ளி. அந்த வருஷமே மூன்றாம் தடவையாக ஒட்டுமொத்தக் கோப்பை.

அடுத்த சீசனில் அவள் இறங்கவே இல்லை. முழங்காலும் முதுகும் போதும் போதும் என்றுவிட்டன. 2007-ல், 25 வயதில், விலகுவதாக அறிவித்தாள். இன்னும் இரண்டு பதக்கம் வாங்கியிருக்கலாமே என்று ஆதங்கப்பட்டவர்கள் உண்டு. எனக்கென்னவோ அவள் செய்ததுதான் சரி என்று படுகிறது. அண்ணன் இவிட்ஸா விடாமல் ஆடி, 2011-ல் ஆண்களுக்கான ஒட்டுமொத்தக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.