சர்க்கரையை அளக்கும் நொதி

வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளின் அன்றாடச் சாப்பாடு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்த பயிர் இது. அரிசி கிடைக்காத காலங்களில் ஏழைகளின் பசியை ஆற்றியது. கிழங்கில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது செரித்துக் குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறுகிறது.

ஏறியது எவ்வளவு என்று உடலுக்கு எப்படித் தெரிகிறது?

கணையத்தின் பீட்டா செல்களில் குளுக்கோகைனேஸ் என்றொரு நொதி இருக்கிறது. 465 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி. அது மடிந்த இடத்தில் ஒரு பிளவு. குளுக்கோஸ் அதற்குள் வந்து அமர்ந்ததும் பிளவின் இரு புறமும் நெருங்கி மூடிக்கொள்கின்றன. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட் பிரிந்து குளுக்கோஸில் ஒட்டுகிறது. வேலை முடிந்ததும் பிளவு மீண்டும் திறக்கிறது.

மற்ற செல்களிலுள்ள ஹெக்சோகைனேஸ் நொதிகளுக்கும் இதுதான் வேலை. ஆனால் அவை சொற்பச் சர்க்கரையிலேயே முழு வேகத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் எவ்வளவு ஏறினாலும் மாற்றமில்லை. குளுக்கோகைனேஸுக்குப் பாதி வேகம் வரவே டெசிலிட்டருக்குச் சுமார் 145 மில்லிகிராம் வேண்டும். ஆகவே வெறும் வயிற்றில் அது மெதுவாகவும், சாப்பிட்டபின் விரைவாகவும் இயங்குகிறது. வேகம் கூடினால் குளுக்கோஸ் அதிகம் எரிந்து செல்லில் ஏடிபி பெருகும், பொட்டாசியம் வாயில்கள் அடைபடும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியேறும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் மாட்சின்ஸ்கி இந்நொதியையே உடலின் குளுக்கோஸ் உணரி என்று எடுத்துக்காட்டினார்.

இந்த அளவுகோல் பிறவியிலேயே சற்று விலகியிருந்தால்? இந்நொதியின் மரபணுப் பிழையால் நீரிழிவு வருவதை 1992இல் கண்டறிந்தார்கள். பரம்பரையாக வரும் 'மோடி' (MODY) வகை நீரிழிவுகளில் இதுவும் ஒன்று. அப்பாவுக்கும் மகளுக்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கும் 145க்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். கண், சிறுநீரகப் பாதிப்புகள் அரிது; பெரும்பாலும் மருந்தும் தேவைப்படாது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (ICMR-INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது டைப் 2. அதற்குச் சிகிச்சை கட்டாயம். இரண்டையும் பிரித்தறிய மரபணுப் பரிசோதனை வேண்டும். சென்னையில் டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இத்தகைய பரம்பரை நீரிழிவுகளை ஆராய்ந்துவருகிறது. பரிசோதிக்காமல் தாமாகவே மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

டைப் 2 நோயாளிகளுக்கும் இந்நொதி பயன்படுகிறது. அதைத் தூண்டும் டோர்சாகிளியாட்டின் மாத்திரைக்குச் சீனா 2022இல் அனுமதி அளித்தது.

இந்தப் பரம்பரை வகையைப் பிரித்தறிவது கர்ப்ப காலத்தில் இன்னும் முக்கியம். தாயின் மரபணுப் பிழை சிசுவுக்கும் வந்திருந்தால், அதன் நொதியும் தாயின் உயர்ந்த சர்க்கரையையே இயல்பாகக் கொள்ளும். எடையும் இயல்பாக இருக்கும். வராவிட்டால் சிசு இன்சுலினை மிகுதியாகச் சுரந்து பெருத்துவிடும். அதனால் ஸ்கேனில் சிசுவின் வளர்ச்சியைப் பார்த்தே தாய்க்கு இன்சுலின் தேவையா என்று மருத்துவர்கள் தீர்மானிக்கிறார்கள்.