சாமைப் பொங்கல் முப்பது ரூபாய் ஜாஸ்தி!

சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே டிபன் சாப்பிடுவது, இப்போதெல்லாம் நடுத்தரக் குடும்பத்துக்கு எழுதப்படாத சட்டம். சினிமா என்றால் ஐந்து டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று பி.எஃப். லோன் வரை போய்விடும். டிபன் அப்படியில்லை. போனோமா, தின்றோமா, வீட்டுக்கு வந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டோமா என்று முடிந்துவிடும்.

எங்கள் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதற்குத் தோதான ஊர் உளுந்தூர்பேட்டை. சேலம் ரோடு போய் சென்னை - திருச்சி ரோட்டோடு கை குலுக்குகிற இடம். பெயரிலேயே உளுந்தை வைத்திருக்கும் ஊரில் இட்லி தின்னாமல் வேறு எங்கே தின்பதாம்? தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை எல்லாம் தாண்டி முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். நான், என் சகதர்மிணி, பையன்கள் இரண்டு பேர், அம்மா.

ஹோட்டல் பெயர் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் அதே போர்டு, தட்டில் அதே வாழை இலைத் துண்டு, அதே மூன்று சட்னி. வாசலில் மிட்டாய்க் கடையைத் தாண்டித்தான் டேபிளுக்கே போக முடியும். சின்னவன் அங்கேயே முதல் மறியலைத் தொடங்கிவிட்டான்.

இந்த 'எங்கே போனாலும் ஒரே ருசி' சமாச்சாரத்துக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. உடுப்பிப் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்கு வந்த கே.கிருஷ்ணராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1962-ல் வந்த அதன் டிரைவ்-இன், 2008-ல் மூடும் வரை சென்னையின் பாதி கல்யாணப் பேச்சுகளை நடத்தி வைத்தது. 1981-ல் கே.கே.நகரில் பி.ராஜகோபால் ஆரம்பித்த சரவண பவன் கடல் தாண்டியே போய்விட்டது. ஊழியர் ஒருவரின் கொலை வழக்கில் அவருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2019 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அதே ஜூலையில் அவர் காலமானார். அன்றைக்கும் கிளைகளில் காலை ஏழு மணிக்கு சாம்பார் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. முதலாளிக்கு என்ன ஆனாலும் சாம்பார் மாறாது என்பது பாராட்டா, பயமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அது ஏன் நம் வீட்டு சாம்பார் மாதிரி இருப்பதில்லை என்று கேட்பீர்கள். பாசிப்பருப்பு கலப்பார்கள். பரங்கிக்காய் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். கடைசியில் ஒரு சின்னத் துண்டு வெல்லம். இதை வீட்டில் செய்யச் சொல்லிப் பாருங்கள். "அங்கேயே போய்க் குடியிருங்க" என்று பதில் வரும். எனக்கு வந்தது.

டேபிளில் உட்கார்ந்து மெனு கார்டைப் பிரித்தோம். பெரியவன் நெய் ரோஸ்ட். சின்னவன் பூரி. சகதர்மிணி, "உங்க இஷ்டம்" என்றாள் (இதை நம்பி ஆர்டர் கொடுத்தவர்கள் யாரும் நிம்மதியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை). அம்மா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கார்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஏண்டா, சாமைப் பொங்கல்னு போட்டிருக்கான்?"

"ஆமாம்மா. சிறுதானிய ஸ்பெஷல்."

"சாதாப் பொங்கலை விட முப்பது ரூவா ஜாஸ்தியா?"

"உடம்புக்கு நல்லதாம்மா. 2023-ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடிச்சே."

அம்மா ஐ.நா. சபையை மதித்ததாகத் தெரியவில்லை. சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். பக்கத்து டேபிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். அம்மா பிறந்தது கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலையின் காலடியில். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது மலையிலிருந்து சாமையும் தினையும் தலைச்சுமையாகச் சந்தைக்கு இறங்கும். உப்பும் கருவாடும் மேலே ஏறும். வீட்டில் காலையில் கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், இல்லாவிட்டால் சாமைச் சோறு. இட்லி? தீபாவளிக்கு ஒரு நாள். முந்தின ராத்திரி ஆட்டுக்கல்லில் ஆட்டும்போதே தெருவுக்கே தெரிந்துவிடும். "நாலு இட்லிக்கு மேல கேட்டா எங்கம்மா முறைக்கும்" என்றாள்.

இந்த இட்லி எப்படித் தினசரி ஆனது? 1967 தேர்தலில் அண்ணாவின் தி.மு.க. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று மேடை போட்டதிலிருந்து, அரிசிதான் நம் அரசியல். 2008-ல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து இலவசம். அதே வருஷம் இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். அரிசி இலவசம், ஆட்ட கிரைண்டரும் இலவசம் என்றால் தீபாவளிக்காக யார் காத்திருப்பார்கள்? மாவு ஊறப்போட்டுவிட்டு சீரியல் பார்க்கலாம். ராத்திரி பூராவும் குழவி சுற்றிய கைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று, அம்மாவின் வலது தோள்பட்டையைக் கேட்டால் சொல்லும்.

ஆக, இல்லாதவர்கள் தின்ற சாமை மெனு கார்டில் மேலே ஏறிவிட்டது. பண்டிகைக்கு மட்டும் வந்த இட்லி கீழே இறங்கிவிட்டது. அம்மா சிரித்தது அதற்குத்தான்.

சாமைப் பொங்கலைக் கொண்டு வந்த சப்ளையர் பையனுக்கு இருபது வயசு இருக்கும். தட்டை வைத்துவிட்டு, "சட்னி இன்னும் வேணுமாங்க ஆயா?" என்றான். 'மேடம்' கேட்டுக் கேட்டுப் புளித்த காதுக்கு அந்த 'ஆயா' எங்கேயோ போய்த் தைத்தது போல. அம்மா நிமிர்ந்தாள்.

"எந்த ஊரு சாமி?"

"ஆத்தூர் பக்கங்க."

"ஆத்தூர்ல எங்க?"

பையன் சூப்பர்வைசர் இருக்கிற திசையை ஒருதரம் பார்த்துக்கொண்டான். குரல் இறங்கியது. "கல்வராயன் மலைங்க. வெள்ளிமலைக்கு அப்பால."

"அதைச் சொல்றதுக்கு என்னா? நானும் மலை அடிவாரந்தான்."

"சொன்னா உடனே சாராயமான்னு கேக்கறாங்க ஆயா. அதனால ஆத்தூர்னு சொல்லிடறது."

எனக்கு நெய் ரோஸ்ட் தொண்டையில் நின்றது. (ஆமாம், பெரியவனுடையதுதான். பிய்த்துத் தின்று கொண்டிருந்தேன்.) ஏனென்றால் இதை நானும் அனுபவிக்கிறேன். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது, இனி ஒரு கையெழுத்துக்கு விழுப்புரம் ஓட வேண்டாம் என்று பட்டாசு வெடித்தோம். 2024 ஜூனில் கருணாபுரம் விஷச் சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அதற்கப்புறம் வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு புன்னகை வருகிறதே, அதைப் பார்த்தால்தான் தெரியும். எனக்காவது கவர்மென்ட் ஐ.டி. கார்டு இருக்கிறது. இந்தப் பையனுக்கு?

கல்வராயன் மலை கொஞ்சம் விசேஷமான மலை, சார். நாடு சுதந்திரம் வாங்கிய பிறகும் அங்கே ஜாகிர்தார்கள் ராஜ்யம்தான். 1976-ல்தான் அது முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2024 சம்பவத்துக்குப் பிறகு சென்னை ஹைகோர்ட் தானாகவே வழக்கை எடுத்து, மலை மக்களுக்கு ரோடும் மற்ற வசதிகளும் என்ன செய்தீர்கள் என்று கேள்வி கேட்டது. அறுபது உயிர் போனால்தான் ரோடு ஞாபகம் வரும் போலிருக்கிறது.

"வீட்ல சாமை போடறீங்களா?" என்று அம்மா விடவில்லை.

"எல்லாம் மரவள்ளிதாங்க. லாரி வந்து சேகோ ஃபேக்டரிக்கு ஏத்திட்டுப் போயிடும், கையில காசு. சாமைன்னா குத்தணும், புடைக்கணும், யாருக்கு முடியுது? எங்க பாட்டி மட்டும் கொஞ்சம் காடு வெச்சுக்கிட்டு, விடமாட்டேன்னு ஆடியில விதைக்குது."

"நீ இந்தப் பொங்கலைத் தின்னு பாத்தியா?"

"இல்லீங்க. எங்களுக்கு உள்ள தனிச் சாப்பாடு."

அம்மா ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். தீர்ப்புக்காக நாங்கள் நான்கு பேரும், பையனும் காத்திருந்தோம்.

"நெய்யும் முந்திரியும் நல்லா இருக்கு. சாமையைத்தான் காணோம்."

பையன் முதல் தடவையாகச் சிரித்தான்.

பில் வந்தது. அஞ்சு பர்சென்ட் ஜி.எஸ்.டி.யோடு ஐந்து பேருக்கு எவ்வளவு என்பதை, உங்கள் வீட்டிலும் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் மறைக்கிறேன். சோம்புத் தட்டில் நான் இருபது ரூபாயை வைத்துவிட்டு, இருபது போதுமா, ஐம்பதா என்று மனசுக்குள் கமிட்டி போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா சுருக்குப்பையைத் திறந்து, நாலாய் மடித்த நூறு ரூபாயை எடுத்துப் பையன் கையிலேயே திணித்தாள்.

"டிப்ஸ் இல்ல சாமி. உங்க பாட்டிகிட்ட ஒரு படி சாமை வாங்கி வை. அடுத்த மாசம் வர்றோம்."

"அய்யோ, காசு வேணாம் ஆயா! பாட்டி விக்காது. கேட்டா சும்மாவே குடுக்கும்."

"சும்மா வாங்கினா எங்கூட்ல பொங்கல் பொங்காது. வெச்சுக்க."

"அடுத்த மாசம் வேணாங்க. புது சாமை ஐப்பசியிலதான் வரும். இப்ப இருக்கிறது விதைக்கு வெச்சது, பாட்டி தொட விடாது."

"ஐப்பசின்னா ஐப்பசி. காசு உங்கிட்டயே இருக்கட்டும்."

"ஆறாம் நம்பர் டேபிள்!" என்று சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். பையன் நோட்டைச் சட்டைப்பையில் வைத்து, அதற்கு மேல் ஆர்டர் நோட்டைச் செருகிக்கொண்டு ஓடினான்.