கல்வெட்டுப் பாடத்திலிருந்து இணையப் பக்கம்: திருவொற்றியூர்ச் சாசனங்களை முன்வைத்து எக்ஸ்குவெரி வினவல்மொழி – ஒரு விளக்கம்

முன்னுரை

வடசென்னையின் துறைமுக, ஆலைப் பகுதியில் அமைந்த திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளோடு இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனாகிய கன்னரதேவனின் சாசனங்களும் உள்ளன. முதலாம் இராசேந்திரன் காலத்தில் சதுரானன பண்டிதர் வேண்ட, வீரசோழத் தச்சன் எனப்பட்ட இரவி கருங்கல் விமானம் எடுத்த செய்தியும் இங்குள்ள சாசனத்தால் அறியப்படுவதே. இத்தகைய பாடங்களை இணையத்தில் ஏற்றும்போது பதிப்பாசிரியரின் குறிகள் என்னாகின்றன என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று. கட்டுரையாளர் ஓர் இணையப் படியிலிருந்து தம் ஆய்வுக்கு எடுத்த ஊர்ப்பெயர், அச்சுப் பதிப்பை நோக்கியபின், பகர அடைப்பினுள் உடுக்குறியோடு தரப்பட்ட பதிப்பாசிரியர் ஊகமே எனத் தெரியவந்தது. படியில் அடைப்பும் இல்லை, உடுக்குறியும் இல்லை.

குறியிட்ட பாடமும் வினவலும்

எக்ஸ்எம்எல் 1998 இல் உலகளாவிய வலைத்தளக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. பாடத்தின் தோற்றத்தை அன்றி அதன் தன்மையைக் குறிக்க இது வழிசெய்கிறது. கல்வெட்டுகளுக்கென அமைந்த எபிடாக் நெறியில் சிதைந்த இடம், ஐயத்துக்குரிய எழுத்து, பதிப்பாசிரியர் நிரப்பியது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பாகக் குறியிடப்படும். ஐரோப்பிய ஆய்வு மன்ற நிதியுடன் 2019 இல் தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் இந்நெறியிலேயே குறியிட்டுள்ளது.

இவ்வாறு குறியிட்ட கோப்பைப் படிப்போர் திரையில் காண, அதை எச்டிஎம்எல் பக்கமாக மாற்றவேண்டும். 2007 இல் பரிந்துரையான எக்ஸ்குவெரி இதற்குரிய கருவிகளுள் ஒன்று. எக்சிஸ்ட்-டிபி, பேஸ்எக்ஸ் போன்ற தரவுதளங்களில் இது இயங்குகிறது. வேண்டிய சாசனங்களைத் தேர்தல், நிபந்தனையால் வடித்தல், வரிசைப்படுத்தல், விடையை அமைத்தல் ஆகியவை ஒரே வினவலுள் அடங்கும். விடை அமைக்கும் இடத்தில் எச்டிஎம்எல் உறுப்புகளை அவ்வாறே எழுதலாம். கணித்துப் பெறவேண்டிய பகுதியை மட்டும் நெளிவடைப்பினுள் இடவேண்டும். நெளிவடைப்பை மறந்தால் வினவலின் சொற்களே பக்கத்தில் அச்சாகிவிடும் (தொடக்கநிலையில் எவரும் ஒருமுறையேனும் செய்யும் பிழை). சொல்லோடு சொல்லை ஒட்டிப் பக்கம் புனையும் நிரல்களில் மூடாத உறுப்பு கண்ணுக்குத் தப்பும். எக்ஸ்குவெரி உறுப்புகளை மரமாகக் கட்டுவதால், அப்பிழையுள்ள வினவல் இயங்கவே மறுக்கும்.

உறுப்பு வகையும் ஊகமும்

ஊகத்தைக் காக்கும் பணி டைப்ஸ்விட்ச் என்னும் தொடரமைப்பினது. ஒரு சார்பு, தன்னிடம் வந்த கணு எவ்வகையது என நோக்கி, சிதைவாயின் புள்ளிகளையும், நிரப்பியதாயின் அடைப்பும் உடுக்குறியும் கொண்ட உறுப்பையும் தரும். பின் உள்ளிருக்கும் கணுக்களுக்குத் தன்னையே அழைத்துக்கொள்ளும். இடர் இதன் இறுதிக் கிளையில் உள்ளது. பெயர் சொல்லப்படாத உறுப்புகளை அக்கிளை எழுத்தாக மட்டும் கடத்துமாயின், நிரப்பிய எழுத்து கல்லிலேயே இருந்ததுபோல் தோன்றும்; எவ்விதப் பிழைச்செய்தியும் எழாது. மேற்சொன்ன ஊர்ப்பெயர்க்கு நேர்ந்ததும் இத்தகைய இழப்பே. எனவே அறியாத உறுப்பு வந்தால் வினவல் பிழை காட்டி நிற்குமாறு எழுதுவதே பதிப்புக்குத் தக்கது என்பது கட்டுரையாளர் கருத்து.

வரிமுறிவிலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. ஒரு வரி ‘திருவொற்’ என முடிந்து அடுத்தது ‘றியூர்’ எனத் தொடங்குவதாகக் கொள்வோம் (புள்ளி விளக்கத்துக்காக இடப்பட்டது). இடைவெளியோடு இணைத்தால் ‘திருவொற்றியூர்’ என்று தேடுவோர்க்கு அவ்விடம் அகப்படாது. முறிவு சொல்லின் நடுவே நிகழ்ந்தது என மூலத்திலேயே குறித்துவிட்டால், ஒரே கோப்பிலிருந்து வரி காட்டும் பாடத்தையும் தேடலுக்குரிய தொடர்பாடத்தையும் பெறலாம்.

வரிசை முறை

ஆட்சியாண்டு பண்புக்கூறாகத் தரப்பட்டு, அதன் தரவுவகை வரையறுக்கப்படாதபோது, எக்ஸ்குவெரி அதனை எழுத்துத்தொடராகவே ஒப்பிடும். 10ஆம் ஆண்டுச் சாசனம் 2ஆம் ஆண்டினதற்கு முன் நிற்கும். எண்ணாக மாற்றி வரிசைப்படுத்த இது தீரும். ஊர்ப்பெயர் அகரவரிசை இவ்வளவு எளிதன்று. இயல்பான ஒப்பீடு யூனிகோடு எண்வரிசையைப் பின்பற்றுகிறது. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வருகின்றன. ழகர ளகரங்கள் வகரத்துக்கு முன் நிற்கின்றன. புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பின்னதாகையால் ‘க்’ என்பது ‘கௌ’ என்பதற்கும் பின்னே செல்லும். 2017 இல் வெளியான 3.1 பதிப்பு, யூனிகோடு ஒப்பீட்டு நெறிமுறையைத் தமிழ் என மொழி சுட்டி அழைக்க இடமளிக்கிறது. ஆயினும் அது தமிழுக்குரிய வரிசையைத் தருமா என்பது இயங்கும் தரவுதளத்தைப் பொறுத்தது. ஆதலால் ‘ஒற்றியூர்’, ‘ஒழுகறை’ போன்ற சில சொற்களை இட்டுச் சோதித்த பின்னரே சொல்லடைவை வெளியிடவேண்டும்.