காலராவைக் கணிக்கும் கணினி

மட்டாஞ்சேரியின் ஓரத்தில் வேம்பநாட்டுக் காயல் இருக்கிறது. கொச்சியில் இது கடலோடு சேர்கிறது. கோடையில் காயல் நீர் உப்புக் கரிக்கும். மழைக் காலத்தில் உப்புக் குறையும். கடல் ஏற்றத்தின்போது காயல் நீர் தாழ்வான வீடுகளுக்குள் புகுந்துவிடும். சாக்கடை நீரும் அதில் கலக்கும்.

இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதை ஆராய்ந்தது. தேசிய கடலியல் நிறுவனமும், இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகமும் கூடச் சேர்ந்தன. காயல் நீரில் காலராக் கிருமி இருப்பது தெரிந்தது.

காலராக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. அது மனிதர் குடலில் மட்டும் வாழ்வதில்லை. ஆறும் கடலும் கலக்கும் நீரிலும் வாழும். நீரில் மிதக்கும் மிகச் சிறு பூச்சிகளில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவைச் சேர்ந்த ரீட்டா கோல்வெல் அம்மையார் இதை எடுத்துச் சொன்னார். முதலில் பலர் நம்பவில்லை.

பாசி பெருகினால், அதைத் தின்னும் பூச்சி பெருகும். பூச்சி பெருகினால் கிருமியும் பெருகும். பாசி அதிகமானால் கடலின் நிறம் மாறும். இந்த நிறத்தை வானில் சுற்றும் செயற்கைக்கோள் பார்க்கிறது. கடலின் சூடு, உப்பு, மழை, மண்ணின் ஈரம் ஆகியவற்றையும் அளக்கிறது.

ஏமி கேம்பல் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இந்த அளவுகளை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவின் 40 கடலோர மாவட்டங்களில் 2010 முதல் 2018 வரை காலரா பரவிய விவரங்களையும் எடுத்தார்கள். இரண்டையும் கணினிக்குக் கொடுத்தார்கள்.

கணினி எப்படிக் கற்கும்? சீன வலை இழுக்கும் பெரியவரை நினைத்துப் பாருங்கள். அவர் நீரையும் காற்றையும் பார்ப்பார். "இன்று மீன் கிடைக்கும்" என்பார். அது பல வருடம் பார்த்துப் பழகிய அறிவு. கணினியும் பழைய விவரங்களைப் பார்த்துப் பழகுகிறது. இதைச் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள்.

இந்தக் கணினி முறை பஞ்சாயத்துப் போன்றது. பல சிறு கணக்குகள் தனித்தனியே கருத்துச் சொல்லும். "சூடு கூடியதா? உப்புக் குறைந்ததா?" என்று ஒவ்வொன்றும் பார்க்கும். எந்தக் கருத்துக்கு ஆதரவு அதிகமோ, அதுவே முடிவு.

முடிவு 2020இல் வெளிவந்தது. நடந்து முடிந்த காலராப் பரவல்களை வைத்துச் சோதித்தார்கள். 10இல் ஏறக்குறைய 9 பரவல்களைக் கணினி சரியாகச் சொன்னது. ஒன்றைத் தவறவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய் விவரம் அரசின் பதிவிலிருந்து வந்தது. ஒரு தெருவில் பலருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. யாரும் சுகாதார நிலையத்தில் சொல்லவில்லை. அப்படியானால் பதிவு இல்லை. பதிவு இல்லாததைக் கணினி கற்க முடியாது.

ஆகவே வயிற்றுப்போக்கு பரவினால் ஆஷா பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். விறகு கிடைக்காத வெள்ளக் காலத்தில் பழைய பருத்திச் சேலை உதவும். அதை நான்கு முறை மடித்து நீரை வடிகட்டலாம். வங்காளதேசத்துக் கிராமங்களில் இப்படிச் செய்தார்கள். காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இது 2003இல் வெளிவந்த ஆய்வு.

வயிற்றுப்போக்கு கண்டவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீர், 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போதும். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காலராவில் உடல் நீர் வேகமாக வற்றும். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். நேரத்தில் கொடுத்த தண்ணீர் அந்த உயிரைக் காக்கும்.